வலி வர ஊசி உண்டு. வலி தணிய ஊசி எங்கே?

நம் ஊர்ப் பிரசவ வார்டுகளில் "வலி ஊசி" என்று ஒன்று உண்டு.

வலியைக் குறைக்கிற ஊசி என்று நினைத்துவிடாதீர்கள். வலியை வரவழைக்கிற ஊசி!

"வலி சரியாக எடுக்கவில்லை. ஊசி போட்டிருக்கிறோம். இனிமேல் நன்றாக எடுக்கும்" என்று நர்சம்மா வெளியே வந்து சொல்வார். வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் மாமியார், "அப்பாடா!" என்று பெருமூச்சு விடுவார். கணவர் டீ குடிக்கப் போவார்.

உள்ளே படுத்திருக்கிறாளே, அந்தப் பெண்ணுக்கு அந்த வலியைத் தாங்க என்ன கொடுத்தார்கள்?

பெரும்பாலும் ஒன்றும் இல்லை. "பல்லைக் கடித்துக்கொள்" என்ற புத்திமதிதான்.

ஒரு பல்லைப் பிடுங்கப் போனால், முதலில் மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். காலில் வந்த கட்டியைக் கீறுவதற்குக்கூட மரப்பு மருந்து உண்டு. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் துடிக்கிற தாய்க்கு மட்டும் ஏன் இல்லை?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டும். பிரசவ நாள் அன்று கேட்டால் போதாது. எட்டாம் மாதத்திலேயே கேட்க வேண்டும்.

"நாங்கள் பெற்றுக்கொள்ளவில்லையா?"

வலி ஊசியில் இருக்கும் மருந்தின் பெயர் ஆக்சிடோசின். நம் உடம்பிலேயே சுரக்கிற பொருள்தான். கர்ப்பப்பையைச் சுருங்கி விரியச் செய்வது அதன் வேலை. வின்சென்ட் டு விக்னோ என்ற அமெரிக்க விஞ்ஞானி 1953-ம் ஆண்டு இதைச் சோதனைச் சாலையில் செய்து காட்டினார். 1955-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நல்ல மருந்து. குழந்தை பிறந்தவுடன் தாயின் ரத்தப் போக்கை நிறுத்த இதை ஊசியாகப் போடுகிறார்கள். எத்தனையோ தாய்மார்களின் உயிரை அது காப்பாற்றுகிறது.

ஆனால், பிறப்பதற்கு முன்னால் கொடுப்பது வேறு. அப்போது குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து, சொட்டுச் சொட்டாக, குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். அவசரத்துக்கு மொத்தமாக ஒரே ஊசியாகப் போட்டால் கர்ப்பப்பை விடாமல் இறுகும். குழந்தைக்கு மூச்சு முட்டும். கர்ப்பப்பையே கிழிந்துவிடலாம்.

சிசிலியா வான் ஹோலன் என்ற அமெரிக்கப் பெண்மணி, மக்களின் வழக்கங்களை ஆராய்கிறவர். 1990-களில் தமிழ்நாட்டில் தங்கி, பிள்ளை பெற்ற பெண்களிடம் பேசினார். 2003-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அவர் கண்டது என்ன தெரியுமா? வலி வர மருந்து தாராளம். வலி தணிய மருந்து கிடையாது. இன்னும் ஒரு அதிசயம்: பல பெண்கள் அந்த ஊசியைத் தாங்களாகவே கேட்டு வாங்கினார்கள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்பது ஒன்று. வலியில்தான் பெண்ணின் சக்தி இருக்கிறது என்ற நம்பிக்கை இன்னொன்று.

அந்த நம்பிக்கையை நாம் கேலி செய்யவில்லை. வலியைத் தாங்கிப் பெற்ற தாய்க்கு அதில் ஒரு பெருமை இருக்கத்தான் செய்யும். மருந்து வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால், அவள் சொன்னதுதான் சட்டம்.

ஆனால், வேண்டும் என்று அவள் கேட்கும்போது, "நாங்கள் எல்லாம் பெற்றுக்கொள்ளவில்லையா?" என்று பெரியவர்கள் வாயை அடைப்பது நியாயம் இல்லை. அந்தக் காலத்தில் கண்ணில் புரை விழுந்தவர்கள் குருடாகவே இருந்தார்கள். அதற்காக இன்று தாத்தாவை ஆபரேஷனுக்கு அழைத்துப் போகாமல் இருக்கிறோமா?

வலி எங்கிருந்து வருகிறது?

கர்ப்பப்பை ஒரு தசைப் பை. சுருக்குப் பை போல அதற்கு ஒரு வாய் உண்டு. பத்து மாதமும் மூடிக்கிடந்த அந்த வாய், குழந்தை வெளியே வர 10 சென்டிமீட்டர் திறக்க வேண்டும். பை சுருங்கச் சுருங்க வாய் திறக்கும். அந்தச் சுருக்கம்தான் இடுப்பு வலி.

வலி விட்டு விட்டு வரும். ஒரு நிமிஷம் உச்சத்துக்குப் போகும். பிறகு இறங்கும். இடையில் ஓய்வு கிடைக்கும். நேரம் ஆக ஆக ஓய்வு குறையும். வலி நீளும்.

பொய் வலியும் உண்டு. நம் வீடுகளில் "சூட்டு வலி" என்பார்கள். பாட்டிமார் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பார்கள். நின்றுவிட்டால் சூட்டு வலி. நிற்காமல் கூடினால் வண்டியைக் கூப்பிடு! கஷாயத்தால் நின்றதா, தானாக நின்றதா என்ற ஆராய்ச்சி இருக்கட்டும். கூடிக்கொண்டே போனால் புறப்பட வேண்டும் என்ற பாட்டியின் கணக்கு சரியான கணக்கு. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ கஷாயத்துக்கும் காத்திருக்கக் கூடாது.

வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் வேகம் பிடிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னது. அதற்குப் பிறகு தலைப்பிரசவத்துக்குப் 12 மணி நேரம் வரை ஆகலாம். அடுத்த பிரசவங்களுக்கு 10 மணி வரை ஆகலாம். ஆகவே, "ஆறு மணி நேரம் ஆச்சே, இன்னும் பிறக்கவில்லையே!" என்று வெளியே நின்று டாக்டரை நெருக்க வேண்டாம். உறவினர் நெருக்கினால் உள்ளே வலி ஊசி கூடும். அல்லது கத்தி வரும்.

ராணி முகர்ந்த மருந்து

பிரசவ வலிக்கு மருந்து கொடுப்பது புதிய சங்கதி என்று பலர் நினைக்கிறார்கள். 175 வருஷத்துக்கு மேல் ஆகிறது!

ஸ்காட்லாந்து நாட்டில், எடின்பரோ நகரில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1847-ம் ஆண்டு ஜனவரியில் பிரசவத் தாய் ஒருத்திக்கு ஈதர் என்ற மயக்க மருந்தை முகரக் கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் குளோரோபாரம் கொடுத்தார். வலி தெரியவில்லை.

எதிர்ப்பு கிளம்பியது. "பெண் வேதனையோடு பிள்ளை பெற வேண்டும் என்று பைபிளிலேயே இருக்கிறதே! அதை மாற்ற நீர் யார்?" என்று கேட்டார்கள். சிம்ப்சன் சும்மா இருக்கவில்லை. அவரும் பைபிளைத்தான் எடுத்தார். "ஆதாமின் விலா எலும்பை எடுப்பதற்கு முன்னால் கடவுள் அவனைத் தூங்க வைத்தாரே, அது என்ன?" என்று திருப்பிக் கேட்டார்!

1853-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, இங்கிலாந்து ராணி விக்டோரியாவுக்கு எட்டாவது குழந்தை பிறந்தது. ஜான் ஸ்நோ என்ற டாக்டர் கைக்குட்டையில் குளோரோபாரத்தைத் துளித் துளியாக விட்டு ராணியை முகரச் செய்தார். ராணிக்கு மிகவும் பிடித்துவிட்டது. தன் நாட்குறிப்பில் அதைப் புகழ்ந்து எழுதினார். அதன் பிறகு எதிர்த்தவர்களின் குரல் மெல்ல அடங்கியது.

குளோரோபாரம் ஆபத்தான மருந்து. பின்னால் அதைக் கைவிட்டார்கள். ஆனால், வலியைத் தணிப்பது தவறு இல்லை என்பது அன்றே முடிவான விஷயம். நம் ஊர் வார்டுக்கு அந்த முடிவு வந்து சேர ஏன் இத்தனை தாமதம் என்பதுதான் நமக்குப் புரியவில்லை.

முதுகில் ஒரு ஊசி

இன்று உள்ள முறைகளில் வலியை நன்றாகத் தணிப்பது "எபிடியூரல்". விளம்பரங்களில் "வலியில்லாப் பிரசவம்" என்று போடுகிறார்களே, அது இதுதான். 1921-ல் பிடல் பாகெஸ் என்ற ஸ்பெயின் நாட்டு ராணுவ டாக்டர் இந்த முறையை எழுதி வெளியிட்டார். முதலில் ஆபரேஷன்களுக்குத்தான். பிறகு பிரசவத்துக்கும் வந்தது. அமெரிக்காவில் இன்று பத்துத் தாய்மாரில் சுமார் ஏழு பேர் முதுகில் ஊசி போட்டு வலியைத் தணித்துக்கொள்கிறார்கள்.

எப்படிச் செய்கிறார்கள்? தாயை முதுகை வளைத்து உட்கார வைப்பார்கள். இடுப்புக்குச் சற்று மேலே தோலை மரக்கச் செய்வார்கள். முதுகெலும்புகளின் இடையே ஊசியைச் செலுத்தி, அதன் வழியாக நூல் போன்ற மெல்லிய குழாயை உள்ளே விடுவார்கள். பிறகு ஊசியை எடுத்துவிடுவார்கள். குழாய் மட்டும் இருக்கும். தண்டுவடத்துக்குள் போவதில்லை. அதைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே நிற்கும். அதன் வழியாக மரப்பு மருந்து போகும்.

15, 20 நிமிஷத்தில் வலி தணியும். தாய் விழித்திருப்பாள். பேசுவாள். குழந்தை பிறந்ததும் முகத்தைப் பார்ப்பாள்.

குறையே இல்லையா? உண்டு. ரத்த அழுத்தம் இறங்கலாம். அதனால் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். கால் கனக்கும். சிறுநீர் தானாக வராமல் குழாய் வைக்க நேரலாம். காய்ச்சல் வரலாம். கடைசியில் முக்கித் தள்ளும் நேரம் கொஞ்சம் நீளும். நூற்றில் ஒருவருக்குக் கடுமையான தலைவலி வரலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்களுக்கும், தட்டணுக்கள் மிகவும் குறைந்தவர்களுக்கும் இந்த ஊசி கூடாது.

"முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலி" என்று ஊரெல்லாம் பேச்சு. ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கும். பிள்ளை பெற்ற பிறகு வருகிற நீண்ட நாள் முதுகு வலி, ஊசி போட்டவர்களுக்கும் வருகிறது. போடாதவர்களுக்கும் வருகிறது. பத்து மாதம் சுமந்த முதுகு அல்லவா?

"எபிடியூரல் போட்டால் கடைசியில் சிசேரியன்தான்" என்பது இன்னொரு பயம். பல நாடுகளில் செய்த சோதனைகளை 2018-ல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். அதனால் சிசேரியன் கூடவில்லை என்று தெரிந்தது.

வேடிக்கையைப் பாருங்கள். முதுகில் ஊசியா, வேண்டவே வேண்டாம் என்று பயப்படுகிற குடும்பம், சிசேரியனுக்குக் கையெழுத்துப் போடுகிறது. சிசேரியனுக்கும் முதுகில்தான் ஊசி!

நல்ல நேரம் பார்த்துச் சிசேரியன்

இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

மத்திய அரசு 2019 முதல் 2021 வரை எடுத்த குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். நான்கு வருஷத்துக்கு முந்திய கணக்கில் இது 34. இந்தியா முழுவதும் பார்த்தால் நூற்றுக்கு 21 அல்லது 22தான். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 36. தனியார் ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 64 போல!

ஒரு நாட்டில் சிசேரியன் நூற்றுக்குப் பத்து வரை உயரும்போது தாய், சேய் சாவு குறைகிறது, அதற்கு மேல் உயர்த்துவதால் சாவு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. நாம் நாற்பத்தைந்தில் நிற்கிறோம்.

சிசேரியன் வேண்டிய இடத்தில் தெய்வம் போல. நச்சுக்கொடி கர்ப்பப்பை வாயை அடைத்திருந்தால், குழந்தை குறுக்கே கிடந்தால், கொடி முன்னால் நழுவினால், குழந்தையின் இதயத் துடிப்பு விழுந்தால் அதை விட்டால் வழி இல்லை. ஒரு நிமிஷம்கூட யோசிக்கக் கூடாது.

ஆனால், நாற்பத்தைந்தும் அந்தக் கணக்கில் வருமா?

சில ஆபரேஷன்களுக்குச் சோதிடர்தான் காரணம். "இந்த நட்சத்திரம், இந்த லக்கினம், ராகு காலத்துக்கு முன்னால் எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று சீட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள். டாக்டரும் சம்மதிக்கிறார். 39 வாரம் நிறைவதற்கு முன்னால் காரணம் இல்லாமல் எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் வர வாய்ப்பு அதிகம். நல்ல நேரத்தில் பிறந்த பிள்ளை, கண்ணாடிப் பெட்டியில் மூக்கில் குழாயோடு கிடந்தால் அது என்ன நல்ல நேரம்?

பல ஆபரேஷன்களுக்குக் காரணம் வலியைப் பற்றிய பயம். "என்னால் தாங்க முடியாது, கிழித்து எடுத்துவிடுங்கள்" என்று பெண்ணே கேட்கிறாள். அவள் மேல் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவளுக்கு இரண்டு வழிதான் தெரியும். ஒன்று, மருந்து இல்லாமல் கதறுவது. இன்னொன்று, ஆபரேஷன் மேஜை. நடுவே ஒரு வழி உண்டு என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் ராத்திரி முழுவதும் காத்திருப்பதைவிட, நேரம் குறித்து ஒரு மணி நேரத்தில் முடிப்பது வசதி என்பதை மறைப்பதில் பயன் இல்லை. பில்லும் கூடுதல்.

சிசேரியனில் வலி இல்லை என்பது பாதி உண்மை. வலி பிறகு வருகிறது! முதுகு ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் இறங்கிவிடும். பிறகு எழுந்து உட்கார, இரும, சிரிக்க, குழந்தையைத் தூக்கிப் பாலூட்ட, எல்லாவற்றுக்கும் தையல் இழுக்கும். வாரக்கணக்கில் இழுக்கும். அடுத்த பிரசவத்தில் நச்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொண்டு ஆபத்து உண்டாக்கலாம். சிசேரியன் எண்ணிக்கை கூடக் கூட அந்த ஆபத்தும் கூடும்.

"முதலில் சிசேரியன் என்றால் அடுத்ததும் சிசேரியன்தான்" என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. ஒரு தடவை ஆனவர்கள், டாக்டர் தகுதி பார்த்துச் சம்மதித்தால், அடுத்ததைத் தானாகப் பெறலாம். முயன்றவர்களில் நான்கில் மூன்று பேர் வரை பெற்றிருக்கிறார்கள். சுமார் 200 பேரில் ஒருவருக்குப் பழைய தழும்பு பிரியும் ஆபத்து உண்டு. ஆகவே, உடனே ஆபரேஷன் செய்ய வசதி உள்ள ஆஸ்பத்திரியில்தான் முயல வேண்டும்.

வாயுவும் ஊசியும்

எபிடியூரலுக்கு மயக்க மருந்து டாக்டர் வேண்டும். அவர் எல்லா ஊரிலும் இல்லை. அதற்காகக் கைகட்டி நிற்க வேண்டுமா?

"என்டோநாக்ஸ்" என்று ஒரு வாயு உண்டு. நைட்ரஸ் ஆக்சைடு பாதி, ஆக்சிஜன் பாதி. ஒரே சிலிண்டரில் கலந்து வரும். இங்கிலாந்தில் பிரசவம் பார்க்கும் செவிலியரே இதைக் கொடுக்கிறார்கள். வலி ஏறத் தொடங்கும்போது தாயே முகமூடியைப் பிடித்து இழுத்து மூச்சு வாங்குவாள். வலி இறங்கியதும் வைத்துவிடுவாள். வலி முழுதும் போகாது. தாங்கும்படி இருக்கும். தலை சுற்றும். குமட்டும். இரண்டு மூச்சு வெளிக்காற்றை இழுத்தால் தெளியும்.

பெத்திடின், டிரமடால் போன்ற ஊசிகள் விலை குறைவு. வலியை மழுங்கச் செய்யும். தூக்கம் வரும். வாந்தி வரலாம். பெத்திடின் போட்டுக் கொஞ்ச நேரத்தில் குழந்தை பிறந்தால், குழந்தை மூச்சு விடச் சுணங்கும். அதனால் நேரம் பார்த்துப் போட வேண்டும்.

ஆயுதம் போட்டு எடுப்பது, அதாவது இடுக்கியாலோ உறிஞ்சும் கிண்ணத்தாலோ குழந்தையின் தலையைப் பிடித்து எடுப்பது, சில வேளை தேவைப்படும். அதற்கும், பிறப்பு வழியை வெட்டித் தைப்பதற்கும் முன்னால் அந்த இடத்தை மரக்கச் செய்ய வேண்டும். எல்லாருக்கும் வழக்கமாக வெட்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மரக்காமல் தைத்தால், "மரப்பு ஊசி போடுங்கள் அம்மா" என்று கேட்க எந்தப் பெண்ணும் கூச வேண்டாம்.

கையைப் பிடிக்க ஒருத்தி

மருந்து இல்லாத மருந்து ஒன்று இருக்கிறது. கூட ஒரு மனுஷி!

17 நாடுகளில், 15,000-க்கு மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த சோதனைகளை 2017-ல் தொகுத்தார்கள். பிரசவ நேரம் முழுதும் பக்கத்தில் ஒருவர் இருந்து, தைரியம் சொல்லி, முதுகைத் தடவிவிட்டால், சிசேரியன் குறைகிறது. நேரம் குறைகிறது. வலி மருந்தின் தேவையும் குறைகிறது.

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணையை அனுமதிக்கும் ஏற்பாடு வந்து பல வருஷம் ஆகிறது. 2016-ல் மத்திய அரசும் எல்லா அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் இதைச் சொன்னது. பிள்ளை பெற்ற அனுபவம் உள்ள உறவுக்காரப் பெண் உடன் இருக்கலாம். மறைவுக்கு வசதி இருந்தால் கணவரும் இருக்கலாம்.

ஏட்டில் இருப்பது வாசலில் நடக்கிறதா? என் தங்கையின் பிரசவத்துக்கு ஒரு மாவட்டத் தலைநகரின் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ராத்திரி முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அம்மாவை உள்ளே விடவில்லை. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. வலி தாங்காமல் கத்திய ஏதோ ஒரு பெண்ணைப் பார்த்து, இங்கே அச்சிட முடியாத ஒரு கேள்வியைக் கேட்ட குரல். வராந்தாவில் இருந்த ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கேள்வி அவர்களுக்குப் புதிதல்ல என்று முகத்தில் தெரிந்தது.

ஒரே நர்சு பல கட்டில்களைப் பார்க்கிறார் என்பதும் உண்மை. அவருக்கும் தூக்கம் இல்லை. அதற்காகத்தான் துணை வேண்டும் என்கிறோம். அம்மா உள்ளே இருந்தால் தண்ணீர் கொடுப்பார். இடுப்பில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். நடக்க வைப்பார். நர்சுக்குப் பாதி வேலை மிச்சம்!

நடப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. வலி எடுத்தவளைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைப்பது வழக்கம். சும்மா படுத்திருப்பதைவிட நடந்தால், உட்கார்ந்தால், நிமிர்ந்து நின்றால் கர்ப்பப்பை வாய் திறக்கும் நேரம் ஒரு மணிக்கு மேல் குறைவதாகக் கண்டிருக்கிறார்கள். சிக்கல் இல்லாதவர்கள் தண்ணீரும் லேசான ஆகாரமும் சாப்பிடலாம். பட்டினி போட வேண்டாம்.

மூச்சுப் பயிற்சியும் உதவும். பெர்னான்ட் லமாஸ் என்ற பிரான்சு டாக்டர் 1951-ல் ரஷியாவுக்குப் போய்ப் பார்த்து வந்து, பாரிஸ் நகரில் இதைப் பரப்பினார். வலி ஏறும்போது மூச்சை அடக்காமல் நிதானமாக விடுவதே இதன் சாரம். இதற்குக் காசு கொடுத்து வகுப்புக்குப் போனால்தான் வரும் என்பது இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செக்கப்புக்குப் போகும் நாளில் நர்சம்மாவிடம் கேட்டால் காட்டிக்கொடுப்பார்.

வலிக்கும் வசவுக்கும் பயந்து வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். செல்போனில் படம் பார்த்துப் பிரசவம் பார்க்கிறார்கள். 2018-ல் தமிழ்நாட்டில் இப்படி ஒரு தாய் ரத்தம் போயே இறந்தார். குழந்தை பிறந்த பிறகுதான் அந்த ரத்தப் போக்கு வரும். சொல்லிவிட்டு வராது. வண்டி வருவதற்குள் உயிர் போய்விடும். வேண்டாம், தாய்மார்களே!

அரசு செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. இது சின்னச் சாதனை அல்ல. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ராத்திரியும் பகலும் நர்சுகள் இருப்பதால் வந்த சாதனை. ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிட்டோம். வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கு வலி தணிக்க என்ன வைத்திருக்கிறோம்?

மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலாவது சுகப்பிரசவத்துக்கும் எபிடியூரல் கிடைக்க வேண்டும். காசு உள்ளவளுக்கு மட்டும் வலி தணியும் என்றால், "சுகப்பிரசவம்" என்ற சொல்லில் சுகம் எங்கே? மயக்க மருந்து டாக்டர் இல்லாத இடங்களுக்கு வாயு சிலிண்டரும், அதைக் கையாள நர்சுகளுக்குப் பயிற்சியும், நல்ல காற்றோட்டமும் போதும். பிரசவ அறைகளைச் சீராக்க மத்திய அரசு 2017-ல் "லக்ஷ்யா" என்ற திட்டத்தைத் தொடங்கியது. தாயை மரியாதையாக நடத்த வேண்டும் என்பதும் அதில் அடங்கும். மரியாதையில் வலி மருந்தும் சேர்த்திதானே?

எட்டாம் மாதத்தில் கேளுங்கள்

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டாம். எட்டாம் மாதம் செக்கப்புக்குப் போகும்போது கணவர், அம்மா, மாமியார் யாராவது ஒருவர் கூடப் போங்கள். வலி தணிக்க இங்கே என்ன உண்டு என்று நேராகக் கேளுங்கள். எபிடியூரல் உண்டு என்றால், மயக்க மருந்து டாக்டர் ராத்திரி 2 மணிக்கும் வருவாரா என்று கேளுங்கள். அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். உள்ளே யாரை விடுவீர்கள் என்று கேளுங்கள். அனுமதி கிடைத்தால் அந்தப் பெயரைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு வாசலில் வாக்குவாதம் இருக்காது. சிசேரியன் என்று சொன்னால், என்ன காரணம், இன்றே செய்ய வேண்டுமா, காத்திருந்தால் என்ன ஆகும் என்று மூன்றையும் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கர்ப்பிணிப் பெண்ணே அங்கே இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டு நீங்களே பேசி முடிவு செய்துவிடாதீர்கள். மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பதை அவளிடம் கேளுங்கள். அன்றைக்கு வேண்டாம் என்றவள் வலி வந்த பிறகு வேண்டும் என்று மாற்றிச் சொல்லலாம். அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு.

ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது எடுத்துப் போகும் பையில் துணிமணியோடு ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் வையுங்கள். தட்டணு எண்ணிக்கை அதில் இருக்கும். முதுகில் ஊசி போடுவதற்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் அதைக் கேட்பார். முன்னால் சிசேரியன் ஆகியிருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சீட்டும் அவசியம்.